கம்பம், குமுளி பக்கத்தில் புதிதாக ரீல்ஸ், யூடியூப் தொடங்குவோர் கேட்டவையும் என் பதில்களும்

கம்பத்தில் இருந்துகொண்டு விவசாயம், சாப்பாடு, மலைப் பயணம் என்று பல வருடமாக வீடியோ போட்டு வருகிறேன். இதுவே என் தொழில். போடியிலிருந்து வண்டிப்பெரியாறு வரை, புதிதாகத் தொடங்கியவர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றை எடுத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (உத்தமபாளையம், கல்லூரி மாணவர்): அண்ணே, தவணையில் 70,000 ரூபாய்க்கு ஒரு கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. கையில் இருக்கிற போன் போதும். சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், அதன் மேல் பஞ்சு உறை போடுங்கள். நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொன்று, மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது வருகிற விளம்பரத்துக்கெல்லாம் தலையாட்ட வேண்டி வரும். எனக்குப் பயம் அதுதான்.

கேள்வி (குமுளி, மொபைல் கடை வைத்திருப்பவர்): என் நண்பன் ‘முல்லைப் பெரியாறு உடையப் போகுதா?’ என்று ஒரு ரீல் போட்டு ஒரே ராத்திரியில் லட்சம் பார்வை வாங்கிவிட்டான். நானும் சாப்பாட்டு வீடியோவை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகட்டுமா அண்ணே?

போகாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் தொடங்குகிறவர்கள் விழுகிற பெரிய குழி இதுதான்.

2011 டிசம்பரில் இந்த அணைப் பிரச்சினையில் தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் பதற்றம் ஏறி, குமுளி வழி அடைபட்டது. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்த நம் ஆட்கள் பயந்து மலை இறங்கினார்கள். எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லாத காலம் அது. அப்படி ஒரு வாரம் இப்போது வந்தால், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போடுகிற ஒரு ரீல் என்னவெல்லாம் செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கடைக்கு ரீசார்ஜ் செய்ய வருகிற மலையாளிக்கும் உங்களுக்கும் நடுவில் அது வந்து நிற்கும்.

அணையைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1895-ல் கட்டி முடித்த அணை. நிற்கிற இடம் கேரளா, பராமரித்து இயக்குவது தமிழ்நாடு. தேனியில் தொடங்கி ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைச் சரியாகச் சொல்லி, லோயர் கேம்ப்பில் தண்ணீர் இறங்குவதிலிருந்து கம்பத்து வயலில் பாய்வது வரை காட்டுங்கள். இடுக்கியில் கீழே குடியிருப்பவர்களின் பயத்தையும் அவர்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள். பார்வை குறைவாகத்தான் வரும். ஆனால் இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

பிழைப்பு என்று பார்த்தாலும் அந்த வழி சரிப்படாது. பயமுறுத்திச் சேர்த்த கூட்டம் அடுத்த பயத்துக்குத்தான் காத்திருக்கும். நாளைக்கு நீங்கள் புட்டும் கடலைக் கறியும் காட்டினால் நிற்காது. அவர்கள் நிற்கவில்லை என்பதைப் பார்த்து இன்ஸ்டாகிராமும் உங்கள் சாப்பாட்டு வீடியோவை மற்றவர்களுக்குக் காட்டுவதைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி (வண்டிப்பெரியாறு, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு தங்கச்சி): வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். எந்த மொழியில் பேசுவது?

உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் சிரிப்பும் தானாக வருகிறதோ அதில் பேசுங்கள் தங்கச்சி. லயத்து வீட்டில் பேசுகிற தமிழ்தான் என்றால் நடுவில் மலையாள வார்த்தை வரட்டும், வெட்ட வேண்டாம். சென்னைத் தமிழுக்கு மாற்றிப் பேச முயன்று, ஆறு மாதத்தில் பேச்சே வராமல் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் பேசி மலையாளத்தில் எழுத்து ஓடவிட்டால் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். ஒரே வீடியோவைப் பாதி தமிழ், பாதி மலையாளம் என்று பிரிக்காதீர்கள். இரண்டு பேரும் பாதியில் எழுந்து போவார்கள்.

கேள்வி (சின்னமனூர்): 10,000 ஃபாலோயர் விலைக்குத் தருகிறார்கள். முதலில் அதை வாங்கினால் விளம்பரம் சீக்கிரம் வருமா?

வராது. விவரம் தெரிந்த கம்பெனிக்காரர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் எந்த ஊர், என்ன வயது என்று இன்ஸ்டாகிராம் காட்டுகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்வார். தேனி கடைக்கு விளம்பரம் தேடுகிறவர், உங்கள் ஆட்கள் எல்லாம் ஏதோ வெளிநாட்டு ஊரில் இருப்பதைப் பார்த்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வார். 800 பேர் இருந்தாலும் அதில் 600 பேர் தேனி மாவட்டம் என்றால், அது காசு பெறுகிற கணக்கு.

கேள்வி (குமுளி): தேக்கடியில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் இலவசமாகத் தங்கச் சொல்கிறார்கள். காசு தரவில்லை. அப்போது விளம்பரம் என்று போட வேண்டாம்தானே?

போட வேண்டும். காசு, பரிசுப் பொருள், இலவசத் தங்கல், தள்ளுபடி, சொந்தக்காரர் கடை, எதுவானாலும் பார்க்கிறவருக்குச் சொல்லியாக வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-லேயே இதற்கு விதி கொண்டுவந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள மத்திய ஆணையம், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு எந்த விளம்பரமும் செய்யக் கூடாது என்று தடுக்கவும் முடியும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முப்பது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. வீடியோவில் எழுத்தாகவும் இருக்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும், வீடியோ எந்த மொழியோ அந்த மொழியிலேயே. ‘இவர்கள் இலவசமாகத் தங்க வைத்தார்கள்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு அறையைக் காட்டுங்கள். வெந்நீர் வரவில்லை என்றால் அதையும் சொல்வேன் என்று போவதற்கு முன்பே ரிசார்ட்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் இடத்துக்குப் போக வேண்டாம்.

கேள்வி (அதே நண்பர்): விளம்பரத்துக்குக் கொடுத்த போனை நாமே வைத்துக்கொண்டால் வரி உண்டா?

உண்டு. 2022 ஜூலை 1 முதல் இதற்கென்று தனி விதி வந்தது. ஒரே ஆளிடமிருந்து ஒரு வருடத்தில் கிடைத்தது 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கிறவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். உங்கள் வருமானக் கணக்கிலும் அது சேரும். திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. பேன் கார்டும் தனி வங்கிக் கணக்கும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

கேள்வி (கூடலூர்): ரம்மி ஆப் ஒன்றும், கேரளா லாட்டரிக்கு நம்பர் சொல்கிற பக்கம் ஒன்றும் நல்ல காசு தருகிறேன் என்கின்றன. எல்லாரும் செய்கிறார்களே?

தயவுசெய்து இரண்டையும் தொடாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

லாட்டரியில் நம் ஊருக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. குமுளியில் கடை திறந்து விற்கிற அதே சீட்டு, மலை இறங்கிவிட்டால் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. உங்கள் வீடியோவைப் பார்க்கிறவர் முக்கால்வாசி இந்தப் பக்கத்து ஆள். கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாகத்தான் விற்கிறது, ஆன்லைனில் தருகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர். நம்பர் சொல்கிறேன் என்பதும் அதேதான், குலுக்கலில் விழுவதை முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறுகிற ஒரு அக்கா உங்கள் முகத்தை நம்பி ஒரு நாள் கூலியை அதில் போட்டால், அந்தக் காசு உங்களிடம் எப்படித் தங்கும்?

கேள்வி (போடி): எங்கள் வீட்டில் ஏலக்காய் வியாபாரம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டு நேரடியாக விற்க ஆசை. எதில் கவனம் வேண்டும் தம்பி?

அக்கா, 8 மில்லிமீட்டர் காயைக் காட்டிவிட்டு 6 மில்லிமீட்டர் அனுப்பக் கூடாது. எந்த மூட்டையிலிருந்து அனுப்புகிறீர்களோ அதையே படம் எடுங்கள். சின்ன வியாபாரமானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பையில் போடுங்கள். சர்க்கரை குறையும், ரத்த அழுத்தம் இறங்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மணத்தைப் பற்றி, காய் எடுக்கிற பெண்களைப் பற்றி, ஸ்டோரில் (காய் உலர்த்துகிற கூடத்தில்) காய வைப்பதைப் பற்றிச் சொல்ல உங்களிடம் எவ்வளவோ இருக்கிறது.

கேள்வி (குமுளி, ஜீப் ஓட்டுநர்): காட்டுக்குள் யாரும் போகாத இடத்தைக் காட்டினால் ரீல் ஓடும். டிரோனும் வாங்கலாமா?

மேலே பெரியாறு, கீழே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, இரண்டும் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் டிரோன் விடுவதும் குற்றம். அதைப் படம் எடுத்து நீங்களே போட்டால், வழக்குக்கு வேறு சாட்சியே வேண்டாம். அணைப் பக்கம் டிரோனை எடுக்கவே எடுக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் ரீலைப் பார்த்து அந்த வழியில் போகிறவர்களுக்கு உங்களுக்குத் தெரிந்த காடு தெரியாது.

கேள்வி (கம்பம்): சினிமாப் பாட்டு போட்டால் சேனல் போய்விடுமா?

யூடியூபில் உரிமை கோரல் வந்தால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டுக்காரருக்குப் போகும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஸ்ட்ரைக் வேறு, அது உரிமைக்காரர் புகார் கொடுத்து வீடியோவை நீக்க வைத்தால் வருகிற எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போகும். யூடியூபின் இலவச இசைத் தொகுப்பிலிருந்து எடுங்கள். அப்புறம், ‘உங்கள் கணக்கு நீக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்துங்கள்’ என்று மெசேஜ் வந்தால் அழுத்தாதீர்கள். நிறையப் பேர் கணக்கைப் பறிகொடுப்பது அப்படித்தான். இரட்டைச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கேள்வி (தேனி): ஜவுளிக்கடை வேலையை எப்போது விடலாம் அண்ணே?

இப்போது வேண்டாம். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது ஷார்ட்ஸில் 90 நாளில் 1 கோடி பார்வை. அதைத் தாண்டினாலும் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் கைக்கு வரும். ஒரே தளத்தை நம்பியும் வேலையை விடாதீர்கள். 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தவர்களுக்குக் கூட மறுநாள் ஒன்றும் மிஞ்சவில்லை. யூடியூப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் போடுங்கள், முக்கியமானவர்களை ஒரு வாட்ஸ்அப் சேனலிலும் சேர்த்து வையுங்கள். கடைச் சம்பளத்துக்குச் சமமான தொகை ஒரு வருடம் விடாமல் வந்து, அதில் பாதியாவது சேமிப்பில் இருந்தால் அப்போது வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.