பழைய டேங்கில் ஒருவர் நீர்மூழ்கி: தகட்டை வெட்டும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: 80 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பழைய உருளை டேங்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. 3 மி.மீ. எஃகுத் தகடு. இரு முனைகளிலும் தட்டையான தகட்டைப் பற்றவைத்து, ஒருவர் உட்கார்ந்து 20 மீட்டர் ஆழம் வரை போகும் நீர்மூழ்கியாக மாற்ற நினைக்கிறேன். வெல்டிங் நன்றாகத் தெரியும். நீர்மூழ்கி செய்வது இதுதான் முதல் முறை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஒருவர் நீர்மூழ்கியை நீங்களே செய்ய முடியும். ஆனால் இந்த டேங்கை உடலாக வைத்து 20 மீட்டருக்கு இறங்காதீர்கள். இறங்கினால் உயிரோடு திரும்ப மாட்டீர்கள்.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் உங்கள் தட்டை முனை ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமை சுமார் 10 டன். 3 மி.மீ. தட்டைத் தகடு வளையாமல் அதில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும். கிண்ணம் போல வெளிப்புறம் புடைத்திருக்கும்படி அழுத்தி வளைத்த முனைகள்தான் வேண்டும். அழுத்தக் கலன் செய்பவர்களிடம் அவை ஆயத்தமாகவே கிடைக்கும்.

உருளைப் பகுதியில்தான் முதல்முறை செய்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சாதாரண எஃகின் வலிமையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் டேங்க் 180 மீட்டர் வரை தாங்கும் என்று விடை வரும். இந்த விடையை நம்பக் கூடாது. வெளியிலிருந்து அழுத்தம் வரும்போது, உலோகம் தன் வலிமையின் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே உருளையின் வட்டம் குலைந்து சுவர் உள்வாங்கிவிடும். இந்த எல்லையைக் கணக்கிடத் தனிச் சூத்திரங்கள் உண்டு. அவற்றின்படி, இடையில் வளையம் இல்லாத உங்கள் 3 மீட்டர் உருளை சுமார் 12 மீட்டரில் நசுங்கும். அதுவும் குறையில்லாத வட்டமாக இருந்தால்தான். பழைய டேங்கில் ஒடுக்கு, துரு, வெல்டிங் சூட்டில் வந்த கோணல் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் அந்த எண்ணை இன்னும் கீழே இறக்கும்.

தடிமனை 6 மி.மீ. ஆக்கினால் அதே உருளை கணக்கில் 65 மீட்டரைத் தாண்டுகிறது. தடிமன் இரு மடங்கானால் தாங்கும் ஆழம் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. அதோடு 40 செ.மீ. இடைவெளியில் வலுவான வளையங்களைப் பற்றவைத்தால், வட்டம் குலையும் எல்லை எஃகின் வலிமை எல்லையையே தாண்டிவிடும். 20 மீட்டர் போகும் கலனுக்கு நான் சொல்வது இதுதான்: புதிய 6 மி.மீ. தகடு, நெருக்கமான வளையங்கள், வெளிப்புறம் புடைத்த முனைகள். பழைய டேங்கின் தகட்டையும் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

உடலுக்கு அடுத்து, எந்த நீரில் இறங்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் கலன் எவ்வளவு ஆழம் தாங்கும் என்று சோதித்து நிரூபித்திருக்கிறீர்களோ, அதைவிட ஆழமான தரை உள்ள இடத்தில் ஒருபோதும் மூழ்காதீர்கள். நீர் புகுந்து எடை கூடினாலும், கலன் நசுங்காமல் தரையில் போய் உட்காரும். மீட்க வருபவர்களுக்கு அப்போதுதான் அவகாசம் கிடைக்கும். முதல்முறை செய்பவருக்கு இதைவிட மேலான பாதுகாப்பு எதுவும் இல்லை என்பேன்.

எடைக் கணக்கு பலருக்கும் ஆச்சரியம் தரும். உங்கள் உருளையின் கொள்ளளவு 1.5 கன மீட்டர். அப்படியானால் மொத்த எடை 1.5 டன் இருந்தால்தான் அது நன்னீரில் மூழ்கும். 6 மி.மீ. உருளை ஏறக்குறைய 350 கிலோ. முனைகள், வளையங்கள், பேட்டரி, நீங்கள் எல்லாம் சேர்ந்து அரை டன் என்று வைத்தாலும் இன்னும் 650 கிலோ குறைகிறது. அதை ஈயமாக அடியில் வையுங்கள். எடை மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருந்தால்தான் கலன் நீருக்குள் நிமிர்ந்து நிற்கும். அந்த ஈயத்தில் 100 கிலோவையாவது, மின்சாரமே இல்லாமல், உள்ளிருந்தபடி கையால் திருகிக் கழற்றிவிடும்படி அமையுங்கள்.

மூழ்க நீரையும் மிதக்கக் காற்றையும் நிரப்பும் பாலாஸ்ட் டேங்குகளை உடலுக்கு வெளியே, அடிப்பக்கம் திறந்தபடி வைக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்பதால் அவற்றுக்கு மெல்லிய தகடு போதும். உங்கள் 3 மி.மீ. தகடு இங்கே பயன்படும். மூழ்கும்போது அவற்றை முழுவதும் நிரப்பிவிடுங்கள். பாதி காற்றோடு விட்டால், இறங்க இறங்க அந்தக் காற்று சுருங்கும், மிதப்பு குறையும், கலன் இன்னும் வேகமாக இறங்கும். நுண்ணிய சரிக்கட்டலுக்குச் சில லிட்டர் கொள்ளும் கெட்டியான சிறு டேங்க் ஒன்று தனியாக வேண்டும். எல்லாம் நிரம்பிய பிறகும் இரண்டு மூன்று கிலோ மிதப்பு மீதி இருக்கட்டும். கீழே போவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். மோட்டார் நின்றால் கலன் தானாக மேலே வரும்.

வால்வுகள் திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். 1863 அக்டோபரில் அமெரிக்கரான ஹோரஸ் ஹன்லி தன் பெயர் தாங்கிய நீர்மூழ்கியில் ஏழு பேருடன் மூழ்கி இறந்தார். மீட்டபோது முன் பாலாஸ்ட் டேங்கின் வால்வு திறந்து கிடந்தது.

இனி காற்று. ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு முன்னால் நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடே ஆளை வீழ்த்திவிடும். அமைதியாக உட்கார்ந்து கலனை ஓட்டுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர் வெளிவிடுகிறார். ஒரு கன மீட்டர் காற்றில் அது 25 நிமிடத்தில் 1 சதவீதம், 75 நிமிடத்தில் 3 சதவீதம். அப்போதும் ஆக்ஸிஜன் 17 சதவீதம் இருக்கும். ஆனால் தலைவலி, மூச்சிரைப்பு, தடுமாற்றம் வந்துவிடும். தான் தடுமாறுகிறோம் என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய பெட்டி, அதன் வழியே காற்றை இழுக்கும் சிறு விசிறி, இரு வாயுக்களையும் காட்டும் அளவிகள் ஆகியவை இல்லாமல் மூடியைப் பூட்டாதீர்கள். ஆக்ஸிஜன் கூடினாலும் தீ அபாயம். ஆக்ஸிஜன் வரும் குழாய் இணைப்புகளில் எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. ஈய அமில பேட்டரியை ஆள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். அது ஹைட்ரஜன் விடும்; கடல்நீர் பட்டால் குளோரின் வரும்.

மூடி வெளிப்புறமாகத் திறக்கட்டும், நீரே அதை அழுத்தி அடைக்கும். ஆனால் 5 மீட்டர் ஆழத்தில் 50 செ.மீ. மூடியின் மீது கிட்டத்தட்ட ஒரு டன் சுமை இருக்கும். தள்ளித் திறக்க முடியாது. வெளியேற வேண்டி வந்தால் உள்ளே நீரை விட்டு அழுத்தத்தைச் சமமாக்க ஒரு வால்வும், அதுவரை மூச்சுவிட ஒரு சிறு காற்று உருளையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டாம், தடித்த வார்ப்பு அக்ரிலிக் போடுங்கள். அதை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும். மோட்டாரை வெளியே பொருத்திவிட்டால் சுழலும் தண்டுக்காக உடலைத் துளைக்க வேண்டியிருக்காது.

தகடு வாங்கும் முன்பே வரைபடத்தை அழுத்தக் கலன் வடிவமைப்பில் பழகிய பொறியாளர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். உங்கள் நீர்நிலையில் இதற்கு என்ன அனுமதி வேண்டும் என்பதையும் அப்போதே விசாரியுங்கள். உடல் முடிந்ததும் ஆளில்லாமல், எடை கட்டி, கயிற்றில் 30 மீட்டருக்கு இறக்கி ஒரு மணி நேரம் விட்டு எடுங்கள். இறக்கும் முன்னும் எடுத்த பின்னும் விட்டத்தைப் பல இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் மாறியிருந்தாலும் அந்த உடலில் ஆள் ஏறக் கூடாது.