என்னிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும் பூனையை வீட்டில் மற்றவர்களிடம் எப்படிப் பழக்குவது?

நீங்கள் சொல்லும் நிலைமை இதுதான்: இரண்டு வயதுப் பூனை உங்கள் மடியில் ஏறித் தூங்கும். உங்கள் கணவரோ மாமியாரோ அறைக்குள் கால் வைத்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும். ஐந்து மாதமாகியும் மாற்றமில்லை. பிடித்து அவர்கள் மடியில் வைத்தும் பார்த்துவிட்டீர்கள்.

அந்த மடியில் வைக்கும் வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். பிடித்து வைத்ததும் பூனை அசையாமல் இருந்தால் பழகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது பயத்தில் உறைந்து போயிருக்கிறது. கண்மணி விரிந்திருக்கும், காது பக்கவாட்டில் படிந்திருக்கும், வால் உடம்போடு ஒட்டியிருக்கும், மூச்சு வேகமாக இருக்கும். பிடி தளர்ந்ததும் ஒரே பாய்ச்சல். அந்த மனிதர் பக்கத்தில் வந்தால் தப்பிக்க வழி கிடையாது என்பதைத்தான் பூனை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே ஓடும்.

இதில் யாருடைய தப்பும் இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பூனைக்குட்டி மனிதர்களிடம் எளிதாகப் பழகும் பருவம் பிறந்த 2-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரம் வரை. அந்த நாட்களில் பல பேர் கைபட்டு வளராத குட்டிக்கு, வளர்ந்த பிறகு 'மனிதர்கள் நல்லவர்கள்' என்ற பொதுவான நம்பிக்கை வருவதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் நம்பும். உங்களை நம்புவதால் உங்கள் வீட்டாரையும் நம்ப வேண்டும் என்ற கணக்கு அதனிடம் இல்லை. கனத்த குரல், அழுத்தி வைக்கும் நடை, தலைக்கு மேலே நீளும் கை எல்லாம் மிரட்சியைக் கூட்டும்.

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரிடமும் நன்றாக இருந்த பூனை திடீரென்று ஒளிய ஆரம்பித்திருந்தால் அது கூச்சம் அல்ல. பல்வலி, மூட்டுவலி, பார்வைக் குறைவு என்று ஏதாவது இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் கீழே சொல்வதைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது ஒளியுமிடம். கட்டிலுக்கு அடியில் போவது பிரச்சினையாகத் தெரியும், ஆனால் ஒளிய இடம் இருக்கும் பூனைதான் சீக்கிரம் தைரியம் பெறும். கட்டிலின் குறை என்னவென்றால், அங்கிருந்து அது யாரையும் பார்ப்பதில்லை. அதனால் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. எல்லோரும் புழங்கும் அறையின் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் பூனை நுழையும் அளவுக்கு இரண்டு வாசல் வெட்டி வையுங்கள். ஒரே வாசல் இருந்தால் அது பொறி. உள்ளே உங்கள் பழைய துணி ஒன்றைப் போடுங்கள். முடிந்தால் நெஞ்சுயரத்தில் ஒரு அலமாரித் தட்டையும் காலி செய்து கொடுங்கள். உயரத்தில் இருந்து பார்க்கும் பூனைக்குப் பயம் குறையும். பெட்டியைப் பூனை தானாகப் பயன்படுத்தத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகே, அதுவும் பூனை வெளியே இருக்கும்போது, கட்டிலின் அடியை அடைக்கலாம். மணல் தட்டும் சாப்பாட்டுக் கிண்ணமும் பயப்படும் ஆளைக் கடந்து போகும் வழியில் இருக்கவே கூடாது. அப்படி இருந்தால் சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கும்.

இனி பழக்கும் முறை. எல்லாம் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் கணவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தால் பூனை அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறது என்று கண்டுபிடியுங்கள். சாப்பாடுதான் அளவுகோல். மிகவும் பிடித்த தீனியைக்கூட மோந்துவிட்டு விட்டுவிட்டால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். நான்கு மீட்டராக இருக்கலாம், பக்கத்து அறை வாசலாகவும் இருக்கலாம். தரையில் பதித்த கற்களை எண்ணி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த நாள் குழப்பம் வராது.

தீனி அன்றாட உணவாக இருக்கக் கூடாது. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி, அல்லது பிதுக்கிக் கொடுக்கும் பசைத் தீனி சரியாக வரும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. துண்டு பட்டாணியில் பாதி அளவு போதும், ஒரு நாளைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். இதைப் பயிற்சி நேரம் தவிர வேறெப்போதும் கொடுக்காதீர்கள். வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பட்டினி போடக் கூடாது.

வரிசையில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முதலில் ஆள் தெரிய வேண்டும், ஓரிரு விநாடி கழித்துத் தீனி வர வேண்டும். ஆள் போனதும் தீனி நிற்க வேண்டும். தலைகீழாக, தீனியைப் போட்டுப் பூனை சாப்பிடும்போது ஆள் உள்ளே வந்தால், கோழிக்கறி வாசனையே 'அந்த ஆள் வரப்போகிறார்' என்ற எச்சரிக்கையாகிவிடும். பிறகு தீனியைக் கண்டாலே ஓடும் பூனையைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு.

முதல் வாரம் அவர் செய்ய வேண்டியது, எதையும் செய்யாமல் இருப்பது. மெதுவாக வந்து, பூனைக்குப் பக்கவாட்டாகத் தரையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, புத்தகமோ போனோ பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் உங்களோடு பேசினால் போதும். தீனியை நீங்கள் போடுங்கள். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. பூனை ஓடி ஒளியும் வரை நீட்டாமல், அது நிதானமாக இருக்கும்போதே அவர் எழுந்து போய்விட வேண்டும். அவர் போட்டுக் கழற்றிய பனியனைப் பெட்டிக்கு ஒரு மீட்டர் தள்ளிப் போட்டு வைத்தால், ஆள் இல்லாத நேரத்தில் வாசனையைத் தன் போக்கில் மோந்து பழகிக்கொள்ளும்.

மூன்று நாள் தொடர்ந்து அந்தத் தூரத்தில் தயக்கமில்லாமல் சாப்பிட்டால் அரை மீட்டர் நெருங்கலாம். இரண்டு மீட்டர் அளவுக்கு வந்ததும் தீனி போடும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் கையில் தீனியை வைத்து நீட்டி 'வா வா' என்பார்கள். அப்போது பூனையின் உடம்பைக் கவனியுங்கள். கழுத்து நீண்டு முன்னால் வரும், முன்னங்கால் ஒன்று எட்டி வைக்கும், பின்னங்கால்கள் இருந்த இடத்திலேயே ஊன்றி, ஓடத் தயாராக மடங்கியிருக்கும். பாதி உடம்பு வருகிறது, பாதி போகப் பார்க்கிறது. தீனியைக் கவ்வியதும் தான் எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்று உறைத்து, சிதறி ஓடும். பேராசை காட்டிப் பயத்துக்குள் இழுத்த கதைதான்.

அதற்குப் பதிலாகத் தீனியைப் பூனைக்குப் பின்னால் போய் விழும்படி, கீழ்க்கையாக உருட்டிப் போடச் சொல்லுங்கள். பூனை திரும்பி, அவரை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடும். விலகியதே அதற்கு நிம்மதி, மேலே தீனியும் கிடைத்தது. சாப்பிட்டு முடித்து, அடுத்தது வருமா என்று தானாகத் திரும்பி ஒரு அடி முன்னால் வரும். அந்த ஒரு அடியை யாரும் இழுக்கவில்லை, பூனையே எடுத்து வைத்தது. மறுபடியும் பின்னால் போடுங்கள். ஒரு அமர்வுக்கு எட்டு முதல் பத்துத் துண்டு. முழு முறையிலும் எனக்கு மிகவும் நம்பிக்கையான பகுதி இது. வேறு எதற்கும் நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பூனை அவரைப் பார்த்தால் அவர் முறைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணைப் பாதி மூடி, மெல்ல முழுதாக மூடித் திறந்து, பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் இமைத்த பிறகு அறிமுகமில்லாத மனிதர் கையை நீட்டினால் பூனைகள் நெருங்கி வருவது கூடுதலாக இருந்தது. பதிலுக்கு உங்கள் பூனையும் கண்ணைச் சுருக்கினால் நல்ல அறிகுறி.

தொடும் நேரம் எப்போது என்பதைப் பூனை சொல்லும். வாலை நிமிர்த்திக்கொண்டு அருகில் வந்தால், ஒரு விரலை மட்டும் அதன் மூக்கின் உயரத்தில், சற்றுத் தள்ளி நீட்டி, அப்படியே நிறுத்த வேண்டும். மேலிருந்து கையை இறக்கவே கூடாது. முகத்துக்கு மிக அருகில் இருப்பது பூனைக்கு மங்கலாகத்தான் தெரியும். மோந்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால், கன்னத்திலோ தாடையிலோ காதடியிலோ மூன்று விநாடி சொறிந்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். மறுபடி தலையால் முட்டினால் தொடரலாம். முட்டாமல் இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். வயிறும் வாலடியும் வேண்டாம். முதுகுத் தோல் சுருக்கென்று துடிப்பது, வால் நுனி வெட்டி வெட்டி ஆடுவது, காது பின்னால் திரும்புவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள். இதைக் கவனிக்காமல் நான்காவது முறை தடவும்போதுதான் கடி விழுகிறது.

உங்கள் பங்கிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பூனை உங்கள் மடியில் இருக்கும்போது மற்றவர்கள் நெருங்கி வந்து தொட முயல வேண்டாம். பாதுகாப்பான ஒரே இடத்தில் அதை மடக்குவது போலாகும். மிரண்டு பாய்ந்தால் நகம் உங்கள் தொடையில்தான் இறங்கும். கவ்வுவதும் உங்கள் கையாகவே இருக்கலாம். அவர் இரண்டு மீட்டருக்குள் பழகிய பிறகு, ஒரு வேளைச் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைப்பதை அவர் பொறுப்பாக்கி, அந்த நேரத்தில் நீங்கள் அறையை விட்டுப் போய்விடுங்கள்.

குழந்தைகள் இருந்தால் நீளமான குச்சியில் கட்டிய இறகு நல்லது. கைக்கும் பூனைக்கும் ஒரு மீட்டர் இடைவெளி கிடைக்கும். இறகு பூனையை நோக்கி வராமல் அதைவிட்டு ஓடுவதுபோல் இழுக்க வேண்டும், கடைசியில் பிடிபட விட வேண்டும். குழந்தை உட்கார்ந்தே விளையாட வேண்டும், துரத்தக் கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

நடுவில் பாத்திரம் விழும், விருந்தாளி வருவார்கள், யாராவது 'ஒரு தடவை தூக்கிட்டா சரியாயிடும்' என்று தூக்கிவிடுவார்கள். பூனை பழைய இடத்துக்கே போய்விடும். அன்று விட்டுவிட்டு, மறுநாள் ஒன்றிரண்டு மீட்டர் பின்வாங்கித் தொடங்குங்கள். முதல் முறையைவிட வேகமாகத்தான் திரும்பி வரும். சில பூனைகளுக்கு மூன்று நான்கு வாரம் போதும், சிலவற்றுக்குப் பல மாதம். ஒரே அறையில் கால் நீட்டித் தூங்கும், ஆனால் தொட விடாது என்ற நிலையோடு நின்றுவிடும் பூனைகளும் உண்டு. அதை வற்புறுத்த வேண்டாம்.

ஃபெலிவே போன்ற பெரோமோன் கருவியை, அதாவது பூனையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளைக் காற்றில் பரப்பும் கருவியை, சுவரில் பொருத்தலாம். ஆய்வு முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. வைப்பதானால் சோபாவுக்குப் பின்னால் மறைத்து வைக்காதீர்கள். ஒரு புட்டி ஏறக்குறைய 30 நாள் வரும். இரவில் மட்டும் வெளியே வந்து சாப்பிடும் அளவுக்குப் பயம் இருந்தால் மருத்துவர் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுப்பார், அதோடு சேர்த்துப் பயிற்சியைத் தொடரலாம். மனிதர்களுக்கான மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள், ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். ஒளிந்திருக்கும் பூனை 24 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள், பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை மணல் தட்டில் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கணவர் பழகிய பிறகு மாமியாரோடு முதலிலிருந்து, அதே தூரக் கணக்கோடு ஆரம்பியுங்கள். இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் கலக்க வேண்டாம். இருவரும் தனித்தனியாகப் பழகிய பின் சேர்ந்து அறைக்குள் வருவதும் பூனைக்கு ஒரு புது நிலைமைதான், அதற்கும் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளியே தொடங்க வேண்டியிருக்கும்.