கைக்குழந்தையோட கிளம்பலாமா? வாசகர் கேள்வி-பதில்

லீவு நெருங்குதுன்னு உங்க கடிதங்களப் பார்த்தாலே தெரியுது. பயணம் பத்தின கேள்விதான் நெறைய, நடுவுல வீடு மாறப் போறவங்களும் கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, பல பேருக்கும் உதவுற மாதிரி இருக்கறத எடுத்திருக்கேன்.

என் பொண்ணுக்கு 11 மாசம், பையனுக்கு நாலு வயசு. திருநெல்வேலியில தங்கச்சி கல்யாணம். அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட்டே வேணாமே, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் ஸ்லீப்பர் போட்டா போதும்ங்கறாரு வீட்டுக்காரர். நான் வந்தே பாரத்ல போயிடலாம்ங்கறேன். யார் சொல்றது சரி?
— வாசகி, தாம்பரம்

டிக்கெட் வேணாம்ங்கறது உண்மைதாம்மா. அஞ்சு வயசு முடியாத குழந்தைக்கு தனி பெர்த் கேக்கலன்னா ரயில்ல காசு கிடையாது, ஆனா படுக்க இடமும் கிடையாது, அதைத்தான் அவர் யோசிக்கல. பெர்த்தோட அகலமே ஏறத்தாழ ரெண்டு அடிதான். பொண்ணு உங்ககூட படுத்துக்குவா, பையன் அப்பாகூடன்னு வைங்க, அவருக்கு அப்பர் பெர்த் விழுந்துச்சுன்னா தூக்கத்துல உருளுற வயசுப் பையன வச்சுக்கிட்டு அவர் ராத்திரி பூரா கண்ண மூட முடியாது.

அதனால பையனுக்கும் முழு டிக்கெட் போட்டு மூணு பெர்த்தா எடுங்க. ஐஆர்சிடிசில பேர் போடுறப்ப பையன சாதாரண பயணியா வயசோட சேர்க்கணும், பெர்த் இல்லாத குழந்தைன்னு இருக்கற பகுதியில பொண்ணு பேர மட்டும் போடுங்க. கீழ இன்னொரு ஆப்ஷன் இருக்கும், ரெண்டு லோயர் பெர்த் கிடைச்சா மட்டும் புக் பண்ணுன்னு, நெறைய பேர் அதப் பார்க்கறதே இல்ல. அதை டிக் பண்ணிட்டா ஒரு லோயர்ல நீங்களும் பாப்பாவும், எதிர் லோயர்ல பையன், அவனுக்கு மேல மிடில்ல அவங்கப்பா. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்குது, கல்யாணத் தேதி தெரிஞ்சதுமே உக்காந்துடுங்க, லேட்டானா லோயர் கிடைக்காது.

அடுத்து எந்த கிளாஸ்ங்கறது. பால் குடிக்கற குழந்தை இருக்கறதால சொல்றேன், ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் மிடில் பெர்த்த தூக்கி மாட்டிட்டா கீழ இருக்கறவங்க நிமிர்ந்து உக்கார முடியாது, தலை இடிக்கும். பாப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா நீங்க குனிஞ்சுகிட்டோ படுத்துகிட்டோதான் பால் குடுக்கணும், அதுவும் பக்கத்துல ஆள் தூங்கற இடத்துல. செகண்ட் ஏசில மிடில் பெர்த்தே கிடையாது, திரைச்சீலையும் உண்டு. கல்யாணச் செலவுல எங்கயாவது கொஞ்சம் குறைச்சுட்டு இதுக்குப் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். முடியாதுன்னா சைடு லோயர் கேளுங்க, அங்க மேல மிடில் இல்ல, எப்ப வேணா எந்திரிச்சு உக்காரலாம், ஆனா வழியில போறவங்க பை இடிக்கும், பாப்பாவ ஜன்னல் பக்கம் போட்டுக்கணும்.

வந்தே பாரத் நல்ல வண்டிதான், உங்களுக்கு இப்ப வேணாம். சென்னையில மத்தியானம் ஏறினா நெல்லை போய்ச் சேர ராத்திரி பத்து தாண்டிடும், ஏறத்தாழ எட்டு மணி நேரம் சேர்லயே உக்காந்திருக்கணும், பாப்பா பூரா நேரமும் உங்க மடியில. தூங்கிட்டே போற வண்டிதான் இந்த வயசுக்கு சரி.

டயாப்பர மட்டும் தயவுசெஞ்சு ரயில் டாய்லெட்ல போடாதீங்க, எல்லாம் பயோ டாய்லெட், அடைச்சுக்கும், அப்புறம் அந்தக் கோச்சுல இருக்கற அத்தனை பேருக்கும் கஷ்டம். பழைய பேப்பரும் கவரும் எடுத்துட்டுப் போய் சுத்தி குப்பைத்தொட்டியில போடுங்க. வெந்நீருக்கு பிளாஸ்க்தான். சார்ஜிங் பாயிண்ட்ல எலக்ட்ரிக் கெட்டில் சொருகறது ரயில்வே தடை பண்ணின விஷயம், ஆபத்தும் கூட.

வாடகைக்கு ரெண்டு வீடு பார்த்து வச்சிருக்கோம். ஒண்ணு மூணாவது மாடி, பெரிய பால்கனி, நல்ல காத்து. இன்னொண்ணு தரைத்தளம், கொஞ்சம் இருட்டு. பையனுக்கு ஒன்றரை வயசு. மாடி வேணாம்னு மாமியார் சொல்றாங்க.
— வாசகி, கோவை

உங்க மாமியார் பயப்படறதுல நியாயம் இருக்கு, ஆனா தரைத்தளம்னா பாதுகாப்புன்னு நெனச்சுட வேணாம். மறுபடி ஒரு தடவ ரெண்டு வீட்டுக்கும் போங்க, இந்தத் தடவ பையன் உயரத்துக்குக் குனிஞ்சு உக்காந்து பாருங்க.

மாடி வீட்டுல முதல்ல பால்கனிக் கம்பி. கம்பி படுக்கை வசமா இருந்தா அது ஏணி மாதிரிதான், ஒன்றரை வயசுக் குழந்தை ஏறிடும். நெட்டுக்குத்தா இருக்கணும், ரெண்டு கம்பிக்கு நடுவுல நாலு இன்ச்சுக்கு மேல இடைவெளி கூடாது. இல்லன்னா மேல வரைக்கும் கிரில்லோ வலையோ போட ஓனர் ஒத்துக்குவாரான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க, குடுத்ததுக்கு அப்புறம் கேட்டா ஆணி அடிக்கக் கூடாதும்பாங்க. ஜன்னல்ல கொசுவலை இருக்குல்லன்னு தைரியமா இருக்காதீங்க, கொசுவலை குழந்தையோட வெயிட்ட தாங்காது, சாஞ்சா அப்படியே கழண்டு வந்துடும். கட்டில், சோபா, வாஷிங் மிஷின் எதையும் ஜன்னலுக்குப் பக்கத்துல போடக் கூடாது. பால்கனியில சேரும் பூந்தொட்டியும் வேணாம், குழந்தை அத இழுத்துப் போட்டு மேல ஏறிடும்.

தரைத்தள வீட்டுல சம்ப் எங்க இருக்குன்னு கேளுங்க. மூடி கனமா இருக்கா, பூட்டு இருக்கா, தண்ணி லாரி வந்து போனதுக்கு அப்புறம் யாரு மூடுவாங்க, இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டுடுங்க. உடைஞ்ச சிலாப் போட்டு மூடின சம்ப்னா எவ்வளவு கம்மி வாடகையா இருந்தாலும் அந்த வீடு வேணாம். கேட்டு நேரா ரோட்டுல திறக்குதான்னும் பாருங்க.

மாடியோ தரையோ, பாத்ரூம் பக்கெட்தான் எனக்குப் பெரிய பயம். தண்ணி புடிச்சு வைக்கறது நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் உள்ள பழக்கம். இந்த வயசுல உடம்பவிட தலை கனம், பக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்து தலைகுப்புற விழுந்தா தானா எந்திரிக்க முடியாது, சத்தமும் வராது, அதுக்கு அரை அடி தண்ணியே போதும். குளிச்சு முடிச்சதும் கவுத்து வச்சுடுங்க, டிரம் இருந்தா இறுக்கமா மூடி போடுங்க. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்துல ஒரு தாழ்ப்பாள், உள்பக்கம் கீழ இருக்கற தாழ்ப்பாள கழட்டிடுங்க, உள்ள போய்ப் பூட்டிக்கற வயசு இப்ப வரும்.

ஓனர் கிரில் போட சம்மதிச்சா மூணாவது மாடியே எடுங்க, வெளிச்சமும் காத்தும் பெரிய விஷயம். சம்மதிக்கலன்னா உங்க மாமியார் சொல்றது சரி.

மூணு வயசுப் பொண்ண ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சுத்தான் ப்ளே ஸ்கூல் கூட்டிட்டுப் போறேன், ஒரு கிலோமீட்டர்தான். இதுக்கெல்லாம் ஹெல்மெட்டா?
— வாசகர், மதுரை

ஆமா தம்பி, ஹெல்மெட்தான், அதோட பெல்ட்டும். 2022-ல மத்திய மோட்டார் வாகன விதியில திருத்தம் கொண்டு வந்து, 2023 பிப்ரவரியில இருந்து நடைமுறைக்கு வந்திருக்கு. ஒன்பது மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் குழந்தை தலைக்கு ஏத்த ஹெல்மெட், குழந்தைய ஓட்டுறவரோட சேத்துப் பிணைக்கற சேஃப்டி ஹார்னஸ், 40 கிலோமீட்டருக்கு மேல வேகம் கூடாது. நாலு வயசு தாண்டிட்டா எல்லாரையும் போல ஹெல்மெட் கட்டாயம்.

சட்டத்த விடுங்க, நிக்க வைக்கறதுல இருக்கற ஆபத்தச் சொல்றேன். நீங்க பிரேக் புடிச்சா பொண்ணோட வாயும் நெத்தியும் நேரா மீட்டர் மேல போய் மோதும், அவளுக்குப் புடிச்சுக்க ஹேண்டில்பார் தவிர ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, ஸ்கூல் வாசல்ல வண்டிய ஆஃப் பண்ணாம பைய எடுக்கறதுக்காக நீங்க இறங்குவீங்க, முன்னாடி நிக்கற குழந்தை கை சும்மா இருக்காது, ஆக்சிலேட்டர ஒரு திருகு திருகினா வண்டி அவளோடயே பாய்ஞ்சிடும். சாவிய ஆஃப் பண்ணி கைல எடுத்துட்டு அப்புறம் இறங்குங்க. ஒரு கிலோமீட்டர்தானேன்னா காலையில நடந்தே கூட கூட்டிட்டுப் போகலாம்.

கார்லயும் இதே கதைதான், மடியில வச்சுக்கிட்டா பத்திரம்னு நெனைக்கறோம், மோதுற வேகத்துல யாராலயும் குழந்தையப் புடிச்சு வச்சிருக்க முடியாது. 14 வயசுக்குக் கீழ பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா 1000 ரூபாய் அபராதம்னு சட்டத்துலயே இருக்கு. சின்னக் குழந்தைக்கு பின் பக்கம் பார்த்த மாதிரி மாட்டுற சீட்ட பின் சீட்டுல மட்டும் மாட்டுங்க, ஏர்பேக் இருக்கற முன் சீட்டுல மாட்டவே கூடாது.

பேரனுக்கு எட்டு மாசம். வாக்கர் வாங்கிட்டு வரேன்னா மகள் வேணாம்னு சண்டைக்கு வருது. எங்க காலத்துல எல்லாரும் அதுலதானே நடந்தாங்க?
— வாசகர், காரைக்குடி

ஐயா, உங்க மக சொல்றதுதான் சரி. கனடாவுல 2004-லயே வாக்கர் விக்கறதையே தடை பண்ணிட்டாங்க, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் தடை பண்ணச் சொல்லிக்கிட்டேதான் இருக்கு. அதுல உக்காந்த குழந்தை நாம எட்டிப் பிடிக்கறதுக்குள்ள அறையத் தாண்டிடும், உங்க பக்கத்துப் பழைய வீடுகள்ல முற்றத்துக்கு இறங்கற படி இருக்கே, அங்க வாக்கரோட உருண்டா தலையிலதான் அடிபடும். வாக்கர்ல வச்சா சீக்கிரம் நடப்பாங்கங்கறதும் இல்ல, தவழ்ந்து, புடிச்சு நிக்க வேண்டிய நேரத்த அது எடுத்துக்குது.

தரையில பாய விரிச்சு விடுங்க. அவனா புடிச்சு எந்திரிச்சு நல்லா நிக்க ஆரம்பிச்சதும் மர நடைவண்டி ஒண்ணு வாங்கிக் குடுங்க ஐயா, அத அவனே நின்னு தள்ளணும், நீங்க பின்னாடியே போகலாம். மகளும் சண்டை போட மாட்டாங்க.

சேலத்துல இருக்கோம். மலை ஏறினாலே ஆறு வயசுப் பையன் வாந்தி எடுக்கறான். ஊட்டியா ஏற்காடா?
— வாசகி, சேலம்

ஏற்காடு. உங்க ஊர்லயே இருக்கு, 20 கொண்டை ஊசி வளைவோட முடிஞ்சிடும், முடியலன்னா திரும்பி வந்துடலாம். கொல்லிமலை பக்கம் இப்ப போகாதீங்க, 70 வளைவு. ரெண்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இந்தத் தொந்தரவு ஜாஸ்தியா இருக்கும், பெரும்பாலும் வளர வளர சரியாயிடும்.

கிளம்பறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, பூரி பொங்கல் வேணாம், வெறும் வயித்தோடயும் கூட்டிட்டுப் போகாதீங்க. மலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செல்போன வாங்கி வச்சுடுங்க, ஜன்னலத் திறந்து முன்னாடி ரோட்டப் பார்க்க வைங்க. மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டுத்தான், பெரியவங்களுக்கு வாங்கினத பாதி உடைச்சுக் குடுக்காதீங்க.

ஊட்டிதான்னு அடம் புடிச்சா, மேட்டுப்பாளையத்துல காலைல ஏழு மணிவாக்குல கிளம்பற மலை ரயில் மேல போய்ச் சேர ஏறத்தாழ அஞ்சு மணி நேரம் ஆகும், சின்னப் பசங்க ஒரு மணி நேரத்துலயே சலிச்சுடுவாங்க. குன்னூர் டு ஊட்டி மட்டும் ஏறுங்க, அது போதும். சொந்த வண்டின்னா இ-பாஸ் எடுத்துட்டுக் கிளம்புங்க, 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கேக்கறாங்க.

ஏழு மாசக் குழந்தையோட முதல் தடவ ஃபிளைட். காது வலிக்குமாமே?
— வாசகி, திருச்சி

இறங்கும்போதுதான் ஜாஸ்தி வலிக்கும், அது தரை தொடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சுடும். அப்ப பால் குடுங்க, முழுங்க முழுங்க காது சரியாகும். சளி புடிச்சிருந்தா முன்னாடியே டாக்டரப் பாருங்க. பிறப்புச் சான்றிதழ் கைப்பையில இருக்கட்டும், பெட்டியில போட்டு அனுப்பிடாதீங்க.

வேளாங்கண்ணி போனப்ப பாப்பாவுக்கு வயித்தால போச்சு. கடையில ஓஆர்எஸ்னு கேட்டா ஜூஸ் டப்பா மாதிரி ஒண்ணு குடுத்தாங்க. அது சரிதானா?
— வாசகி, பெரம்பலூர்

இல்லம்மா. அந்த மாதிரி டப்பாவுல சர்க்கரை ஜாஸ்தி, வயித்துப்போக்க அது இன்னும் கூட்டிவிடலாம். பானங்கள் மேல ஓஆர்எஸ்ங்கற பேரப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டிருக்கு. மெடிக்கல் ஷாப்ல பவுடர் பாக்கெட்டா கேளுங்க, உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு மேல அச்சடிச்சிருக்கும். பெரிய பாக்கெட்னா காய்ச்சி ஆற வச்ச ஒரு லிட்டர் தண்ணியில முழுசா கொட்டிக் கலக்கணும், பாதி பாக்கெட் பாதி தண்ணின்னு கண்ணளவுல பண்ணக் கூடாது. கலக்கினது 24 மணி நேரம்தான், மிச்சத்தக் கொட்டிடுங்க. ஸ்பூன் ஸ்பூனா குடுங்க, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடுங்க, தாய்ப்பால நிறுத்தவே வேணாம். ஆறு மணி நேரமா ஒண்ணுக்கே போகல, கண்ணு உள்ள போயிருக்கு, கூப்பிட்டா சோர்ந்து கிடக்கா, மலத்துல ரத்தம் வருதுன்னா ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, எந்த ஊர்ல இருக்கீங்களோ அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.