மண்டபம் நம்முடையது, மாப்பிள்ளை வெளியூர்

கேள்வி: டொமினிக்கா மாதிரி குட்டி கரீபியன் தீவில் சினிமாத் தொழிலை வளர்க்க முடியுமா? ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படத்தை அங்கேதானே எடுத்தார்கள்? ஹாலிவுட்காரர்களுக்கு வரிச்சலுகை கொடுத்து அழைத்தால் தொழில் தானாக வளர்ந்துவிடாதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வளராது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விடுகிறவருக்கு வாடகைதான் கிடைக்கும், மருமகள் வர மாட்டாள்.

டொமினிக்காவில் 2005-இல் எடுத்தது இரண்டாம் பாகம். துணை நடிகர் வேலை, ஓட்டல் அறை, படகு வாடகை என்று சில மாதம் காசு புழங்கியது, மறுக்கவில்லை. யூனிட் கிளம்பியதும் கேமராவும் விளக்கும் கூடவே கிளம்பிவிட்டன. இதில் ஒரு கசப்பும் உண்டு. அந்தத் தீவின் பூர்வகுடிகளான கலினாகோ மக்களின் அன்றைய தலைவர் சார்லஸ் வில்லியம்ஸ், தங்கள் முன்னோரை நரமாமிசம் தின்பவர்களாகக் காட்டுவதாக எதிர்ப்புத் தெரிவித்தார். கதையை மாற்றவில்லை. அவருடைய ஆட்களிலேயே சிலர் கூலிக்கு நடிக்கப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை இல்லாத ஊரில் வந்த வேலை அது.

முதல் பாகத்துக்கு செயின்ட் வின்சென்ட் தீவின் வாலிலபூ விரிகுடாவில் துறைமுக செட் போட்டார்கள். படம் வந்து பல வருஷம் கழித்தும் சுற்றுலாப் பயணிகள் அதன் மிச்சத்தைப் பார்க்கப் போனார்கள். முன்னால் நின்றால் பழைய கல் கட்டடம். பின்னால் போனால் பலகையும் முட்டுக்கட்டையும்.

வரிச்சலுகையால் வளர்ந்த இடமே இல்லையா என்பீர்கள். டொமினிக்கன் குடியரசு இருக்கிறது. டொமினிக்காவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது வேறு நாடு. 2010-இல் சட்டம் போட்டு 25 சதவீத வரிச்சலுகை கொடுத்தார்கள், கடல் காட்சி எடுக்கப் பெரிய தண்ணீர்த் தொட்டியோடு ஸ்டூடியோவும் வந்தது. ஆனால் அங்கே மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல். டொமினிக்காவில் மொத்தமே 70 ஆயிரம் பேர். கைக்குழந்தை வரை டிக்கெட் வாங்கினாலும் படம் போட்ட காசை எடுக்காது.

சரி, என்னதான் வழி? ஜமைக்காவைப் பாருங்கள். ஜேம்ஸ் பாண்டின் முதல் படத்தை 1962-இல் அங்கே வந்து எடுத்துப் போனார்கள். ஜமைக்கா சினிமா அதனால் பிறக்கவில்லை. பத்து வருஷம் கழித்து பெர்ரி ஹென்செல் என்ற உள்ளூர்க்காரர் ‘தி ஹார்டர் தே கம்’ எடுத்தபோதுதான் பிறந்தது. விளம்பரப் படம் எடுத்துக் கை பழகியவர். பாடகர் ஜிம்மி கிளிஃப் கதாநாயகன். பேச்செல்லாம் பட்வா, அதாவது தெருவில் பேசுகிற மொழி. அமெரிக்காவில் ஆங்கில சப்டைட்டில் போட்டுத்தான் காட்டினார்கள். கிங்ஸ்டனில் கரிப் தியேட்டரில் முதல் காட்சிக்குக் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. தன் பேச்சைத் திரையில் கேட்க ஜனம் அப்படி ஏங்கிக் கிடந்தது.

அதே ஹென்செல் அடுத்த படத்தைத் தொடங்கினார். பணம் தீர்ந்தது, எடுத்த ஃபிலிம் தொலைந்தது, வெகுகாலம் கழித்துக் கிடைத்தது. 2006-இல்தான் டொரண்டோ விழாவில் திரையேறியது. அந்த நவம்பரில் அவர் காலமானார். ஒரு திறமைசாலி இருந்தால் ஒரு படம் வந்துவிடும். இரண்டாவது படத்துக்குத்தான் கடன் கொடுக்க ஆளும், நெகட்டிவைப் பத்திரமாக வைக்க இடமும் வேண்டும். தொழில் என்று நான் சொல்வது இதைத்தான். சலுகை கொடுக்கிற அரசு, வருகிற ஒவ்வொரு யூனிட்டும் ஒலிப்பதிவிலும் லைட்டிங்கிலும் இத்தனை உள்ளூர்ப் பிள்ளைகளை உதவியாளராகச் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போடலாமே!

அப்புறம் சந்தை. டொமினிக்காவின் வடக்கே குவாதலூப், தெற்கே மார்த்தினிக், அதற்கும் தெற்கே செயின்ட் லூசியா. ஆட்சிமொழி இரண்டில் பிரெஞ்சு, இரண்டில் ஆங்கிலம். ஆனால் பாட்டிமார் பேசுகிற கிரியோல், அதாவது பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த பேச்சு, கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலு தீவையும் சேர்த்தால் 9 லட்சம் பேருக்கு மேல். டொமினிக்காவில் இளசுகள் ஆங்கிலத்துக்கு நகர்ந்துகொண்டிருப்பது உண்மை. ஆனால் பாட்டி திட்டினால் இன்னும் புரிகிறது. மார்த்தினிக்கில் யூசான் பால்சி 1983-இல் கரும்புத் தோட்டத்துப் பாட்டியையும் பேரனையும் வைத்து எடுத்த முதல் படமே வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கியது. டொமினிக்காக்காரர்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் பக்கத்துத் தீவுக்கு ஒரு நடை போய்வரட்டும். ஃபெரி ஓடுகிறது.