ஒலிப்பதிவு கேள்வி பதில்: படத்தில் தெரியும் இரைச்சலை நீக்குவது எப்படி?

கேள்வி: 1991ஆம் ஆண்டில் கேசட்டில் பதிவான என் பாட்டியின் தாலாட்டுகளைக் கணினிக்கு மாற்றியிருக்கிறேன். ஒரு பாட்டின் நடுவே லாரி ஹாரன் ஒலிக்கிறது. இன்னொன்றில் குக்கர் விசில் அடிக்கிறது. மூன்றாவதில் இரண்டு அடிகளுக்கு இடையே யாரோ இருமுகிறார்கள். ஈக்வலைசரில் குறைத்தால் பாட்டியின் குரலும் சேர்ந்து மங்குகிறது. வேறு வழி உண்டா?
வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ஈக்வலைசர் குறிப்பிட்ட அதிர்வெண்களைப் பாட்டு முழுவதும் குறைக்கும். கத்தரித்து நீக்கினாலோ அந்த நேரத்தில் ஒலிக்கும் எல்லாமே போய்விடும். ஸ்பெக்ட்ரல் எடிட்டிங் என்னும் முறையில், எந்த நொடியில், எந்த அதிர்வெண்ணில் என்று இரண்டையும் சேர்த்துக் குறித்து, அந்தச் சிறிய இடத்தை மட்டும் தொடலாம். இதற்கு ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாகப் பார்க்க வேண்டும். அதில் நேரம் இடமிருந்து வலமாக ஓடும், அதிர்வெண் கீழிருந்து மேலாக உயரும், ஒலி வலுக்க வலுக்க நிறம் பிரகாசமாகும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பதிவின் பெயரருகே விரியும் பட்டியலில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தால் இந்தப் படம் வந்துவிடும்.

எடுத்த எடுப்பில் அழிக்கத் தொடங்காமல், முதலில் பாட்டியின் குரல் படத்தில் எப்படி இருக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். அவர் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வுகள்) அளவில் பாடினால், அங்கே ஒரு கோடும் அதற்கு மேல் 400, 600, 800 என்று மடங்குகளில் வேறு கோடுகளும் அடுக்கடுக்காகத் தெரியும். குரல் வளையும்போது அந்தக் கோடுகள் அத்தனையும் ஒன்றாக வளையும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் கோடாக நில்லாமல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே சிறு திட்டாகப் பரவியிருக்கும். ஹாரனும் கோடுகளின் அடுக்குதான், ஆனால் அது வளையாது. நேராக நிற்கும், அல்லது லாரி கடந்து போயிருந்தால் சற்றே கீழிறங்கும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எது ஹாரன், எது பாட்டி என்று பிரித்துவிடலாம்.

ஹாரனின் கோடுகளை ஒவ்வொன்றாக, கோட்டின் அகலத்துக்குச் சற்றே கூடுதலாகத் தேர்ந்துகொண்டு, ஸ்பெக்ட்ரல் எடிட் பாராமெட்ரிக் ஈக்யூ என்ற கருவியால் 10 டெசிபல் அளவில் குறையுங்கள். முழுவதும் அழித்தால் படத்தில் கரிய ஓட்டை விழும். காது அந்த ஓட்டையை ஹாரனைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடும். ஹாரன் கோடு குரலின் கோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் கை வைக்க வேண்டாம். சுற்றிலும் அடங்கிவிட்டால், அந்த நேரத்தில் பாட்டியின் குரலே மிச்சத்தை மறைத்துக்கொள்ளும்.

இருமல் இரண்டு அடிகளுக்கு இடையே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அது எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருந்தாலும் அங்கே குரல் இல்லை. ஆனால் அந்த இடத்தை மௌனமாக்கிவிடாதீர்கள். கேசட்டின் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி திடீரென்று நின்று மறுபடி தொடங்கினால் கேட்பவர் திடுக்கிடுவார். அருகிலேயே யாரும் பாடாத ஒரு துண்டைப் பிரதியெடுத்து, இருமலின் மேல் ஒட்டி, இரு ஓரங்களையும் மெல்லக் கலந்துவிடுங்கள்.

குக்கர் விசில்தான் கடினம். அது பெரும்பாலும் ஆவியின் சீற்றம். 2000, 3000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே அகலமாகப் பரவி, குரலின் மெய்யெழுத்துகள் இருக்கும் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. அதை முழுவதும் எடுக்க முயன்றால் பாட்டி பல்லில்லாமல் பாடுவதுபோல் ஆகிவிடும். 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே 6 டெசிபல் குறைத்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு வீட்டில் பாடிய தாலாட்டில் அந்த வீட்டின் அடுக்களை கொஞ்சம் கேட்பதில் குறையொன்றும் இல்லை.

கேள்வி: என் அம்மா 5 கட்டைச் சுருதியில் பாடிய பழைய கச்சேரிக் கேசட்டில் 'ம்ம்' என்ற மின்சார இரைச்சல் இருக்கிறது. தம்புராவும் சீராக இல்லாமல் நடுங்குவதுபோல் கேட்கிறது. 50 ஹெர்ட்ஸை நீக்கினால் போதும் என்றார்கள். நீக்கியும் நடுக்கம் போகவில்லை.
வாசகர், திருநெல்வேலி

பதில்: நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரைச்சல் அங்கே தொடங்குகிறது, ஆனால் அது 100, 150, 200, 250 என்று மடங்குகளிலும் ஏறிக்கொண்டே போகும். உங்கள் தொல்லைக்குக் காரணம் இந்த மடங்குகள்தான். 5 கட்டை என்றால் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அப்படியானால் தம்புராவின் மந்தர ஷட்ஜம் 98, பஞ்சமம் 147, சாரணை எனப்படும் நடுத் தந்திகள் 196. இரைச்சலோ 100, 150, 200 ஆகிய இடங்களில் நிற்கிறது. ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு, மூன்று, நான்கு ஹெர்ட்ஸ் தள்ளி ஓர் அந்நிய ஒலி கூடவே ஒலித்தால், இரண்டும் மோதி நொடிக்கு அத்தனை முறை ஏறி இறங்கும். நீங்கள் கேட்கும் நடுக்கம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். தம்புரா நன்றாகச் சுருதி சேர்ந்துதான் இருக்கிறது.

இதைப் படத்தில் பார்க்க ஒரு தடை உண்டு. ஸ்பெக்ட்ரோகிராம் ஒலியைச் சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடுகிறது. விண்டோ அளவு எனப்படும் அந்தத் துண்டின் நீளம் 2048 என்று இருந்தால், நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) கொண்ட பதிவில் அது 46 மில்லிநொடி, அதிர்வெண்ணை 21.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் அளக்க முடியும். 196உம் 200உம் ஒரே தடித்த கோடாகத் தெரியும். அமைப்பில் அதை 32,768 ஆக்கினால் இடைவெளி 1.35 ஹெர்ட்ஸாகச் சுருங்கி, இரண்டும் பிரிந்து தெரியும். அதற்கு விலையும் உண்டு: துண்டு முக்கால் நொடி நீள்வதால் மிருதங்கத்தின் அடிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். அதிர்வெண்ணில் கூர்மை வேண்டுமென்றால் நேரத்தில் மங்கல், நேரத்தில் கூர்மை வேண்டுமென்றால் அதிர்வெண்ணில் மங்கல் என்பது கணிதத்தின் விதி. எந்த மென்பொருளும் அதை மீற முடியாது. ஆகவே இரைச்சலைத் தேடும்போது பெரிய விண்டோவும், 'டக்' என்ற வெடிப்புகளைத் தேடும்போது 512 போன்ற சிறிய விண்டோவும் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

திருத்தத்தில் இறங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேசட்டை நிறுத்திவிட்டு, கருவிகள் எல்லாம் இணைந்திருக்கும்போதே சில நொடிகள் பதிவு செய்து பாருங்கள். இரைச்சல் அப்போதும் இருந்தால் அது கேசட்டில் இல்லை, கணினிக்கு மாற்றும்போது சேர்ந்தது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டு மறுபடி மாற்றினாலே பல வேளைகளில் அது ஒழிந்துவிடும். எந்தத் திருத்தமும் அதற்கு ஈடாகாது. இரைச்சல் கேசட்டிலேயே பதிவாகியிருந்தால், நாடாவின் வேகம் மாறுவதற்கேற்ப அதன் கோடும் லேசாக அலையும். நாடா வேகமாக ஓடினால் எல்லா எண்களும் சேர்ந்து உயரும் என்பதால், எண்ணை நம்பாமல் படத்தில் தெரியும் கோட்டையே தேர்ந்தெடுங்கள்.

அந்த நிலையில் 50ஐ அச்சமின்றி நீக்கலாம், அங்கே இசை எதுவும் இல்லை. 250ஐயும் மிகக் குறுகலாக எடுக்கலாம். அது அந்தர காந்தாரம் என்ற ஸ்வரத்துக்கு அருகில் இருந்தாலும் குரல் அங்கேயே நின்றுவிடாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 150, 200 இரண்டையும் குறுகலாகத் தேர்ந்து, நடுக்கம் அடங்குகிறதா என்று காதால் கேட்டபடியே சிறிது சிறிதாகக் குறையுங்கள். 100ஐ மட்டும் விட்டுவிடுங்கள். 98க்கும் 100க்கும் இடையே கருவி நுழைய இடமில்லை. நுழைத்தால் தம்புராவின் அடிநாதமே மெலிந்துவிடும்.

கேள்வி: 2003இல் ஒரு முதிய கலைஞரின் பேட்டியை மினிடிஸ்க்கில் பதிவு செய்தேன். இப்போது ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் 15,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய கோடு தொடக்கம் முதல் முடிவு வரை போகிறது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. மகளோ காது குடைகிறது என்கிறாள்.
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மகள் சொல்வது சரி. வயது ஏற ஏற உயர் அதிர்வெண்கள் முதலில் கேட்காமல் போகும். அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். 15,625 ஹெர்ட்ஸில் இருந்தால் அருகில் பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்று ஓடியிருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்த பால் (PAL) என்ற தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். இரண்டையும் பெருக்கினால் அந்த எண் வரும். பேச்சின் பயனுள்ள பகுதி அவ்வளவு உயரத்தில் இல்லை என்பதால், கோட்டை முழு நீளத்துக்கும் தேர்ந்து தயங்காமல் நீக்கிவிடலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா? திருத்திய பின் பழைய கோப்பை அழித்துவிடலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மேலே சொன்ன வேலைகளுக்கு இலவசமான ஆடாசிட்டி போதும். அதில் செவ்வகமாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், குயில் கூவுவதுபோல் வளைந்து ஏறும் ஒலிகளை எடுப்பது சிரமம். அடோபி ஆடிஷன், ஐசோடோப் ஆர்எக்ஸ், ஸ்டைன்பெர்க் ஸ்பெக்ட்ராலேயர்ஸ் ஆகியவற்றில் வளைந்த வடிவங்களைத் தூரிகையால் தேரலாம். அழித்த இடத்தைச் சுற்றியுள்ள ஒலியைக் கொண்டு நிரப்பும் வசதியும் உண்டு. பதிவுகள் நிறைய இருந்தால் அந்தச் செலவு வீணாகாது.

பழைய கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். இன்று நீங்கள் இரைச்சல் என்று எடுத்ததில் குரலின் ஒரு பகுதியும் போயிருக்கலாம்; பின்னால் வரும் கருவி அதைப் பிரித்துத் தரக்கூடும். ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் ஐயாசா, திருத்தாத மூலத்தைக் குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) அளவில் சேமிக்கப் பரிந்துரைக்கிறது. முடிந்தால் 96 கிலோஹெர்ட்ஸாகவே இருக்கட்டும். திருத்துவது எப்போதும் அதன் பிரதியில் நடக்கட்டும். உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும், ஆனால் அதிலிருந்து மறுபடி திருத்த முயலாதீர்கள்: 128 கிலோபிட் எம்பி3 கோப்பை ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்தால், 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் வெறும் கறுப்பாகவே இருப்பதை நீங்களே பார்க்கலாம்.