இரண்டு லிட்டரா, இரண்டு சின்ன பாட்டிலா?

வாசகர் கேள்விகளுக்கு இரைப்பை, குடல் மருத்துவர் பதில் அளிக்கிறார்

கேள்வி: டாக்டர் அம்மா, என் அப்பாவுக்கு வயது 67. சில வாரங்களாக மலத்தோடு ரத்தம் போகிறது. கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குக் குடலைச் சுத்தம் செய்ய ஒரு பெரிய பாக்கெட் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, முதல் நாள் மாலையே முழுவதும் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். “அவ்வளவு என்னால் ஆகாது” என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். பக்கத்து வீட்டு மாமாவுக்கு வேறோர் இடத்தில் இரண்டு சின்ன பாட்டில் மருந்துதான் கொடுத்தார்களாம். அதையே வாங்கிக் கொடுக்கலாமா? அப்பா ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு அவ்வப்போது வலி மாத்திரையும் உண்டு.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த பாட்டிலைக் கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

மாமா குடித்தது பெரும்பாலும் சோடியம் பாஸ்பேட் கரைசலாக இருக்கும். ஒரு வேளைக்கு 45 மில்லி, இரண்டு வேளை. அளவு குறைவு என்பதால் குடிக்கிறவருக்கு நிம்மதிதான். ஆனால் அது உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குடலுக்குள் கொட்டி வேலை செய்கிற மருந்து. அதிலுள்ள பாஸ்பேட்டில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். உடம்பு நீரிழந்து வறண்டிருக்கும் அந்த நேரத்தில் பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்துவிடக்கூடும். அப்படிச் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டுப்போனவர்கள் உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் இதைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 55 வயதைத் தாண்டியவர்கள், லோசார்டன் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் அந்த எச்சரிக்கையில் வருகிறார்கள். உங்கள் அப்பாவிடம் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அப்பாவுக்கு உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சோடியம் பாஸ்பேட் சில சமயம் குடலின் உட்புறத்தில் சின்னச் சின்னப் புண்களை உண்டாக்கிவிடும். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும்போது, நோயால் வந்த புண் எது, மருந்தால் வந்த புண் எது என்று குழம்ப வேண்டியிருக்கும்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பவுடர் பாலிஎத்திலீன் கிளைக்கால். அதுதான் அப்பாவுக்கு ஏற்றது. 1980-இல் டாலஸ் நகரில் ஜான் ஃபோர்ட்ரான் குழுவினர் வெளியிட்ட கலவையின் வழியில் வந்த மருந்து இது. அந்த மூலப்பொருள் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே கீழே இறங்கிவிடும். உப்புகளையும் கணக்குப் பார்த்துச் சேர்த்திருப்பதால், உடம்பிலிருந்து தண்ணீர் போவதும் இல்லை, உடம்பில் தண்ணீர் ஏறுவதும் இல்லை என்றே சொல்லலாம். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இதையே நாங்கள் தேடுவது அதனால்தான். தொடக்கத்தில் 4 லிட்டர் குடிக்க வேண்டியிருந்தது. இப்போதும் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள சிலருக்கு 2 லிட்டர் போதுவதில்லை. அப்பாவுக்கு அந்தத் தொல்லை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒன்று: “முதல் நாள் மாலையே முழுவதும்”. எந்த மருந்து என்ற கேள்விக்கு வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பரிசோதனை நன்றாக அமைவதும் வீணாவதும் பெரும்பாலும் எந்த நேரத்தில் குடித்தார் என்பதில்தான் இருக்கிறது.

மாலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் குடித்து முடித்தால் இரவு பத்து மணிக்குக் குடல் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் சிறுகுடல் இரவிலும் சும்மா இருப்பதில்லை. பித்தநீர் கலந்த கசடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பெருங்குடல் தொடங்கும் வலப்பக்கத்தில் தங்கிவிடுகிறது. காலையில் குழாயை அங்கே கொண்டு போனால், சுவர் முழுவதும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பசை படிந்திருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் கொஞ்சம் விலகும். மடிப்புக்குள் இருப்பது விலகாது. அந்த வலப்பக்கத்தில்தான் தட்டையான பாலிப்புகள் (குடல் சுவரில் வளரும் சதைத் திட்டுகள்) அதிகம் இருக்கும். சுவரின் நிறத்திலேயே, சுவரோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். அவற்றில் சில பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியவை. பசைக்கு அடியில் ஒன்று ஒளிந்திருந்தால், எவ்வளவு அனுபவம் உள்ள கண்ணுக்கும் அது தெரியாது. “எல்லாம் நார்மல்” என்று அறிக்கை எழுதிக் கொடுத்து, நோயாளியும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். எனக்குப் பயமே அதில்தான்.

அதனால் மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிப்பதே இப்போதைய வழக்கம். பரிசோதனை காலை 10 மணிக்கு என்றால், முதல் நாள் மாலை ஆறு மணிவாக்கில் ஒரு லிட்டர். மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு இன்னொரு லிட்டர். ஒரு டம்ளர் குடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்த டம்ளர். மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால், பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எல்லாவற்றையும் முடித்திருக்க வேண்டும். சில இடங்களில் இன்னும் கூடுதல் இடைவெளி கேட்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். “இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாமா?” என்று உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் தயங்காமல் கேளுங்கள். நேரங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை.

வெளியூரிலிருந்து அதிகாலை பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு இது முடியாது. பஸ்ஸில் அடிக்கு ஒரு முறை இறங்க முடியுமா? அவர்கள் பிற்பகல் நேரம் கேட்டு வாங்கி, பக்கத்தில் உறவினர் வீடோ விடுதியோ இருந்தால் தங்கி, காலையிலேயே முழு மருந்தையும் குடிக்கலாம். பிற்பகல் பரிசோதனைக்கு அதுவும் நல்ல முறைதான்.

அப்பாவின் பிடிவாதத்துக்கு: கரைசலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குளிரக் குளிரக் கொடுங்கள். ஸ்ட்ரா போட்டு, நாக்கின் பின்பக்கமாக இறங்கும்படி உறிஞ்சச் சொல்லுங்கள். கரைசலில் சர்க்கரையோ வேறெதுவுமோ கலக்காதீர்கள். ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் ஓர் எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரட்டும். தொடங்கும் முன்பே ஆசனவாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் எரிச்சல் குறையும். இதை யாரும் சொல்வதில்லை. வயதானவர்கள் இந்த எரிச்சலுக்குப் பயந்தே பாதியில் நிறுத்துகிறார்கள்.

கடைசியில் வெளியேறுவது இளமஞ்சளாக, அடியில் கசடு இல்லாமல், கழிப்பறைக் கோப்பையின் அடி தெரியும்படி இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வந்தவுடன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு சின்ன சாஷே கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் போட்டதும் டம்ளரே சுடுகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: பயப்படாதீர்கள். அது சோடியம் பைகோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்தது. கலக்கும்போது சூடாவது இயல்பு, ஆறவிட்டுக் குடியுங்கள். ஆனால் கரைசல் கொஞ்சம்தான் என்று ஏமாந்துவிடக் கூடாது. அதோடு தெளிந்த நீராகாரம் லிட்டர் கணக்கில் குடித்தால்தான் வேலை செய்யும். வெறும் தண்ணீராகவே குடிக்காமல், உப்பும் சர்க்கரையும் போட்ட வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, வடிகட்டிய தெளி ரசம், பாலில்லாத தேநீர் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். இல்லாவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கிவிடும்.

கேள்வி: அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கொடுத்து எனிமா வைத்தே முடித்தார்களே?
– வாசகர், பழனி

பதில்: வேறு வழி இல்லாத காலம் அது. எனிமா இடப்பக்கத்தின் கடைசிப் பகுதியை மட்டும்தான் கழுவும், வலப்பக்கத்துக்கு எட்டாது. மேனிட்டால் என்ற சர்க்கரை வகைப் பேதி மருந்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது. குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் உண்டாக்கும். பாலிப்பை மின்சூட்டுக் கம்பியால் வெட்டும்போது அது தீப்பிடித்து வெடித்து உயிர் போன சம்பவம் 1979-இல் பிரான்சிலிருந்து மருத்துவ இதழில் வெளிவந்தது.

கேள்வி: சர்க்கரை நோயாளி நான். முந்தைய நாள் என்ன சாப்பிடுவது, மாத்திரையை என்ன செய்வது?
– வாசகி, தேனி

பதில்: காலையில் இட்லி, மதியம் தயிர் சாதம். தாளிக்காமல் சாப்பிடுங்கள், கடுகும் தக்காளி விதையும் எங்கள் குழாயின் உறிஞ்சு துளையை அடைத்துவிடும். கீரை, கொய்யா, கேழ்வரகு, வெண்டைக்காய் வேண்டாம். பீட்ரூட், மாதுளை வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தம் போலவே தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

சாப்பாடு இல்லாமல் வழக்கமான சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ முழு அளவில் எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகையைப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. எதை எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.