பால் மறந்த பன்றிக் குட்டிகளுக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்தால் வயிற்றோட்டம் நிற்குமா?

தெம்பு கிடைக்கும். வயிற்றோட்டம் அதனால் மட்டும் நிற்காது. நான் கொழும்பில் தீவனக் கலவை வேலை பார்க்கிறேன். வத்தளை, ஜா-எல, நீர்கொழும்புப் பக்கப் பண்ணைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

தாய்ப் பன்றியின் பாலில் நீரை நீக்கிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்புத்தான். குட்டி அதை அழகாகச் செரித்துவிடும். பால் மறக்க வைத்ததும் கொழுப்பைச் செரிக்கும் நொதி குறைந்துபோகும். அந்த முதல் இரண்டு கிழமையில் மாட்டுக் கொழுப்பு சரியாகச் செரிக்காது. தேங்காய் எண்ணெயில் இருக்கும் நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் அப்படியில்லை. அவற்றில் ஒரு பகுதி நேரே ஈரலுக்குப் போய்ச் சீக்கிரம் சக்தியாகும். தீவனத்தில் 2 அல்லது 3 சதவீதம் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஆனால் அந்த எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அது ஸ்ட்ரெப்டோகோக்கஸ் போன்ற கிருமிகளை நன்றாக அடக்கும். இந்த வயதில் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற குடல் கிருமி. அதனிடம் லாரிக் அவ்வளவாக எடுபடாது. 8, 10 காபன் கொண்ட கப்ரிலிக், கப்ரிக் அமிலங்கள்தான் அங்கே வேலை செய்யும். தேங்காய் எண்ணெயில் அவை கொஞ்சம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் குட்டித் தீவனத்தில் வயிற்றோட்டத்தை அடக்கச் சேர்த்துவந்த அதிக அளவு சிங்க் ஒக்சைட்டைத் தடை செய்த பிறகு, அங்கே இந்த அமிலங்களைத் தேடுவது கூடிவிட்டது. வாங்கினால் மேலே பூச்சுப் போட்டதைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆட்டு வாடை அடித்துக் குட்டி தீவனத்தைத் தொடாது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கிற புண்ணாக்கும் குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம். கெட்டுப்போன கொழுப்பே வயிற்றைக் கலக்கும், விட்டமின் ஈயையும் அழித்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று குட்டிகளை வதைக்காதீர்கள்.

அமிலத்துக்குக் காசு செலவழிக்க முதல் கொட்டிலைப் பாருங்கள். பால் மறந்த குட்டிக்கு 28 பாகையாவது சூடு வேண்டும். கொழும்பில் மழை இரவில் ஈரச் சீமெந்துத் தரையில் அது கிடைக்காது. காய்ந்த வைக்கோலும் ஒரு மின்குமிழும் போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும். தாயோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் காட்டிப் பழக்குங்கள்.

அப்புறம், தண்ணீராகப் போய்க் கண் உள்வாங்கிய குட்டிக்கு எண்ணெயும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். உப்பும் குளுக்கோசும் அளவாகக் கலந்த தண்ணீரை வைத்துவிட்டு, அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.